பழைய கோல்ஃப் கிளப் கட்டடத்தைப் படிக்கும் முறை: புதுச்சேரித் தெருக்களில் ஒரு பயிற்சி

பழைய கிளப் ஒன்றின் வரலாற்றை எழுத முனைபவர் பெரும்பாலும் அதன் வாசற்பலகையில் பொறித்திருக்கும் ஆண்டைக் குறித்துக்கொண்டுதான் தொடங்குகிறார். பிழையும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கிளப் என்பது சிலர் கூடி அமைத்த சங்கம். கட்டடம் என்பது ஒரு காலத்தில் ஒருவர் பணம் போட்டு எழுப்பிய செங்கல்லும் சுண்ணாம்பும். மைதானமோ இவ்விரண்டுக்கும் முன்பே அங்கே கிடந்த நிலம். மூன்றுக்கும் மூன்று வயது. உதகமண்டலம் கிளப் 1841இல் தொடங்கியது. ஆனால் அது குடியிருக்கும் மாளிகையை சர் வில்லியம் ரம்போல்டு 1830களின் தொடக்கத்திலேயே கட்டிவிட்டார். சென்னையில் அடையாறு கிளப் 1890இல் தோன்றியபோது, அது குடியேறிய ஆற்றங்கரைத் தோட்ட மாளிகைக்கு ஏற்கெனவே ஏறக்குறைய நூறு வயதாகியிருந்தது. 1963இல் மெட்ராஸ் கிளப் அதனுடன் இணைந்து அதே மாளிகைக்கு வந்து சேர்ந்தது. எதிர்த்திசையிலும் இது நடக்கும்: பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் என்ற பெயருடைய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல், இன்று விமான நிலையம் இருக்கும் டம்டம் பகுதியில் பிறந்து, இடம் மாறித்தான் டாலிகஞ்ச் பக்கம் வந்தது. ஆகவே அங்கே சங்கம் மூத்தது, கட்டடம் இளையது.

எனவே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மூன்று நிரல்கள் வரைந்துகொள்ளுங்கள்: நிலம், கட்டடம், சங்கம். கிடைக்கும் ஒவ்வொரு ஆண்டையும் இவற்றுள் எதில் எழுதுவது என்று முடிவுசெய்த பிறகே எழுதுங்கள். முடிவுசெய்ய இயலாத ஆண்டை ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள்.

கோல்ஃப் கிளப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்காரர்களாகிய நாம் பெரும்பாலும் மலையேறத்தான் வேண்டும். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. உதகையிலும் வெலிங்டனிலும் ஜிம்கானாக்கள் எனப்படும் பழைய விளையாட்டுக் கிளப்புகள் உள்ளன. பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த ஆட்டத்தில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. பிரான்சின் பழைய கோல்ஃப் கிளப்பான போ நகரத்துக் கிளப்பையே 1856இல் ஸ்காட்லாந்துக்காரர்கள்தாம் தொடங்கினார்கள். ஆனால் கட்டடத்தைப் படிக்கும் கண் மலையில் பழகுவதைக் காட்டிலும் நம் ஊரில் நன்றாகப் பழகும் என்பது என் அனுபவம். மலையிலிருக்கும் கிளப்பில் ஒரே ஒரு கட்டடம் இருக்கும். அதுவும் உறுப்பினர் அல்லாதவருக்கு அரைமணி நேரம்தான் திறந்திருக்கும். இங்கேயோ பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலின் இருபுறமும் நூற்றுக்கணக்கான கட்டடங்கள், தெருவில் நின்றபடியே பார்க்கக் கிடைக்கின்றன.

இன்னொரு வசதியும் புதுச்சேரிக்கு உண்டு: இங்கே காலத்துக்கு ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துக் கோட்டையையும் வெள்ளைப் பட்டணத்தையும் தரைமட்டமாக்கினார்கள். 1763ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கைப்படி நகரம் திரும்பக் கிடைத்ததும், 1765 முதல் ழான் லா தெ லொரிஸ்தோனின் ஆட்சியில் பூர்சே என்ற பொறியாளர் மேற்பார்வையில் மறுபடி கட்டத் தொடங்கினார்கள். ஆகவே கடற்கரைப் பக்கம் யாராவது தம் வீட்டைக் காட்டி 'துய்ப்ளே காலத்து வீடு' (அந்த அழிவுக்கு முன் ஆண்ட பிரெஞ்சு ஆளுநர் அவர்) என்றால், மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, அதை ஐயத்துக்குரிய பட்டியலில் சேர்த்துவிடலாம். தமிழ்ப் பகுதியில் விலக்குகள் உண்டு. 1730களின் இறுதியில் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை அவற்றில் முதன்மையானது. அதன் கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்களும் முற்றமும், மேல்தளத்தில் ஐரோப்பிய முறையிலான வெள்ளைத் தூண்களும் நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், ஒரே கட்டடத்தில் இரு மரபுகள் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அமர்கின்றன என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் புரிந்துகொள்ளலாம்.

ஏன் அளந்து வைக்க வேண்டும் என்ற கேள்விக்கும் விடை கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. 1870களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று பெருமழையில் இடிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது பழைய தோற்றத்தில் புதிதாக எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்ட கட்டடம். பழைய படங்களும் அளவுகளும் இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. இனி நூறாண்டு கழித்து ஒருவர் அதன் முகப்பை மட்டும் பார்த்து வயது சொன்னால் நூற்றைம்பது ஆண்டுகள் தவறிப்போவார். முகப்பை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

புறப்படும் முன்

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது மீட்டர் நாடா, ஐந்து மீட்டர் இரும்பு நாடா, கட்டம் போட்ட தாள், பென்சில், நல்ல டார்ச், தூக்குக் குண்டு, கையகலக் கண்ணாடி ஒன்று போதும். கண்ணாடி எதற்கென்றால், பரண் இடுக்கிலும் உத்தரத்தின் மேற்புறத்திலும் தலை நுழையாத இடத்தில் எழுத்துகள் இருக்கும். கிளப்பின் செயலருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, சமையலறை, பின்கட்டு, கூரைக்குச் செல்லும் படி ஆகியவற்றையும் பார்க்க அனுமதி வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இல்லையென்றால் வரவேற்பறையையும் கோப்பை அலமாரியையும் காட்டித் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

நேரம் முக்கியம். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் வெயில் சுவரோடு உரசிக்கொண்டு சாய்வாக விழும்போது, நடுப்பகலில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் நிழலாக எழும். அடைத்த வாசல், மூடிய சன்னல், பின்னர் ஒட்டிய சுவர் எல்லாம் அந்த வெளிச்சத்தில் தம்மைக் காட்டிக்கொடுக்கும். அதேபோல, நம் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த மறுவாரம் போனால், சுவரில் ஓதம் ஏறியிருக்கும் விதமே எது பழைய சுண்ணாம்புச் சுவர், எது சிமெண்டு பூசியது என்று பிரித்துச் சொல்லிவிடும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே மூச்சாக விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, பூச்சின் விளிம்பில் உப்பாகப் பூத்து நிற்கும். கடற்காற்று வீசும் நம் ஊரில் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள ஒரு மழைக்காலம் போதும்.

கூரையிலிருந்து தொடங்குங்கள்

எல்லாரும் முகப்பில் தொடங்குவார்கள். நீங்கள் கூரையில் தொடங்குங்கள். ஒரு கிளப் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் முதலில் மாற்றுவது முகப்பையும் தரையையும்தான், ஏனென்றால் விருந்தினர் கண்ணில் படுவது அவையே. கூரையை ஒழுகினால் ஒட்டுப்போடுவார்களே தவிர, முழுக்கப் பிரித்து மாற்றுவது அரிது. ஆகவே பழைய செய்தி மேலேதான் மிச்சமிருக்கும்.

தட்டையான கூரை என்றால், கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். தேக்கு விட்டங்கள் நெருக்கமாக வரிசையிட்டு, அவற்றுக்கிடையே மெல்லிய சிறு செங்கற்கள் மூலைவாட்டில் குத்துக்கல்லாக அடுக்கப்பட்டிருந்தால், அது மெட்ராஸ் டெரஸ் என்று வழங்கும் கட்டுமுறை. செங்கல் அடுக்கின்மேல் உடைகல்லும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்த முறை நம் பக்கம் புழங்கியதால், அது இருப்பதை மட்டும் கொண்டு ஆண்டைச் சொல்லிவிட முடியாது; ஆனால் அது எந்த அறையில் இருக்கிறது, எந்த அறையில் இல்லை என்பது கட்டடம் வளர்ந்த வரிசையைச் சொல்லிவிடும். நடுக்கூடத்தில் மரவிட்டமும், பக்கத்து அறையில் இரும்பு விட்டமும், அதற்கடுத்த அறையில் கான்கிரீட்டும் இருந்தால், அந்த மூன்று அறைகளும் மூன்று தலைமுறைகளில் வந்தவை என்று துணிந்து எழுதலாம்.

இரும்பு விட்டம் இருந்தால் அதன் நடுத்தகட்டில் கையைத் தடவிப் பாருங்கள். வண்ணத்துக்கு அடியில் உருட்டும்போதே புடைத்து எழுந்த எழுத்துகள் இருக்கும். டார்மன் லாங் என்ற பெயர் இருந்தால், அது மிடில்ஸ்பரோவில் 1875இல் தொடங்கிய ஆலையின் சரக்கு. அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. டாட்டாவின் முத்திரை இருந்தால் 1912க்குப் பிந்தையது, அந்த ஆண்டில்தான் ஜம்ஷெட்பூரில் எஃகு உருகி வார்க்கப்பட்டது. கான்கிரீட்டுக்கும் இதே கணக்குதான். சென்னையில் 1904இல் சிமெண்டு செய்யும் முயற்சி நடந்தாலும், 1914இல் போர்பந்தர் ஆலை வந்த பிறகே இந்தியச் சிமெண்டு ஓரளவு கிடைக்கத் தொடங்கியது. நம் ஊரில் கான்கிரீட்டின் தரம் எவ்வளவு உயரலாம் என்பதைப் பார்க்க விரும்புகிறவர், அன்டொனின் ரேமண்ட் வடிவமைத்து 1930களின் நடுவில் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமத்துக் கோல்கொண்டா விடுதியைத் தெருவிலிருந்தாவது பார்க்க வேண்டும். அங்கே சன்னலுக்குப் பதில் சுவர் முழுவதும் அசையும் கிடைமட்டத் தகடுகளாக அமைந்து காற்றை உள்ளே விடுகிறது.

சாய்வான கூரைகளைப் பற்றிச் சொல்லும்போது என் பிழையொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மலைப்பக்கக் கிளப்புகள் பெரும்பாலும் ஓடு வேய்ந்தவை, இதே பிழை அங்கே எல்லாருக்கும் நேரும். பல ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப் பகுதியில் ஒரு வீட்டைப் பதிவுசெய்தபோது, பின்கட்டுத் தாழ்வாரத்து ஓட்டின் அடிப்புறத்தில் பாசல் மிஷன் என்ற பெயரும் 1865 என்ற எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. மகிழ்ச்சியில் 'இந்தத் தாழ்வாரம் 1865இல் வேயப்பட்டது' என்று எழுதி, வீட்டுக்காரர் குடும்ப விழாவுக்கு அச்சிட்ட சிறு மலரிலும் அது வந்துவிட்டது. பிறகு ஒழுகலைப் பார்க்க வந்த முதிய கொத்தனார் அந்த மலரைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "தம்பி, அது ஓட்டோட வயசு இல்லப்பா, கம்பெனியோட வயசு. எங்க அப்பா காலத்துலயும் அதே நம்பரோடதான் ஓடு வந்து எறங்கும்" என்றார். மங்களூரில் பாசல் மிஷன் தன் ஓட்டாலையைத் தொடங்கிய ஆண்டு 1865. அதையே வணிகக்குறிபோலப் பின்னர் வந்த ஓடுகளிலும் பதித்தார்கள். ஆகவே அந்த எண் சொல்வது 'இதற்கு முந்தையதல்ல' என்பதை மட்டுமே. முதல் உலகப்போருக்குப் பின் அந்த ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயருக்கு மாறியதால், பாசல் மிஷன் என்ற பெயர் இருந்தால் போருக்கு முந்தையது என்று மேல் எல்லையும் போட்டுக்கொள்ளலாம். ஓடு ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாட்டுவண்டி ஏறிப் போகக்கூடியது என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே கூரையில் நான்கு ஆலைகளின் ஓடுகள் கலந்திருந்தால், அது பழுதுபார்த்த வரலாறு, கட்டிய வரலாறு அன்று.

சுவரும் அளவும்

புதுச்சேரிக் கரையில் கருங்கல் கிடையாது; ஆகவே இங்கே தூண், வளைவு, அலங்கார மாலை எல்லாமே செங்கல்லில் செதுக்கிச் சுண்ணாம்பால் பூசியவை. கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை அரைத்து, பல பூச்சுகளாகப் பூசி, கடைசிப் பூச்சை வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளிங்குபோல மினுக்குவது சோழமண்டலக் கரையின் பழைய கைத்திறம். பளிங்குத் தூண் என்று ஒருவர் காட்டினால், விரல்நுனியால் தட்டிப் பார்ப்பதைவிடத் தூணின் அடிப்பகுதியில் பெயர்ந்த இடத்தைத் தேடுவது நல்லது. பெயர்ந்த இடத்தில் செங்கல் தெரியும்.

அளவெடுப்பதில் நம் ஊருக்கே உரிய ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலேயர் அடியில் அளந்தார்கள். ஓர் அடி 30.48 சென்டிமீட்டர். பழைய பிரெஞ்சுக்காரர் பியே என்ற அடியிலும், ஆறு பியே கொண்ட துவாஸ் என்ற கோலிலும் அளந்தார்கள்; ஒரு பியே 32.48 சென்டிமீட்டர், ஒரு துவாஸ் ஏறக்குறைய 1.949 மீட்டர். இரண்டு அடிகளுக்கும் வேறுபாடு சரியாக இரண்டு சென்டிமீட்டர் என்று நினைவில் வைத்துக்கொள்வது எளிது. பிரான்சில் 1840 முதல் மீட்டர் முறை கட்டாயமாயிற்று. ஆகவே ஓர் அறையின் உள்ளளவுகளை மீட்டரில் எடுத்து, மூன்று அளவுகோல்களாலும் வகுத்துப் பார்த்தால், எதில் முழு எண் வருகிறதோ அந்தக் கோலைக் கையில் பிடித்தவரே அதைக் கட்டியிருப்பார் என்று ஊகிக்கலாம்.

ஆனால் ஒரே ஓர் அளவை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஐந்து துவாஸ் 9.745 மீட்டர், முப்பத்திரண்டு ஆங்கில அடி 9.754 மீட்டர். ஒன்பது மில்லிமீட்டர் வேறுபாட்டை, பூச்சின் கனத்திலும் நாடாவின் தொய்விலும் எவராலும் பிரித்தறிய முடியாது. அறை நீளம், அகலம், சன்னல் இடைவெளி, தூண்களின் நடுவிலிருந்து நடுவரை உள்ள தூரம் என்று குறைந்தது ஏழெட்டு அளவுகளாவது ஒரே கோலுக்கு இசைந்து வர வேண்டும். சுவரின் கனத்தையும் வாசலில் அளந்து எழுதுங்கள்; ஒரே வரிசையில் இருக்கும் இரண்டு வாசல்களில் கனம் வேறுபட்டால், அவற்றில் ஒன்று முன்பு வெளிச்சுவராக இருந்தது.

யார் எந்த வாசலில் நுழைந்தார்கள்

இதுவரை சொன்னது எந்தப் பழைய கட்டடத்துக்கும் பொருந்தும். கோல்ஃப் கிளப்புக்கே உரியது அதன் தரைப்படம். என் கருத்தில் வரலாற்றின் கனமான பகுதியும் அதுதான்.

முதலில் அதன் தாய்நாட்டைச் சற்றே நினைத்துக்கொள்ள வேண்டும். ஸ்காட்லாந்தில் கோல்ஃப் ஆடியவர்களுக்கு நெடுங்காலம் சொந்தக் கட்டடம் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் அருகிலிருந்த மதுக்கடையில் கூடி உண்டு குடித்துக் கலைவார்கள். 1744இல் எழுத்து வடிவில் விதிகளைத் தந்த லீத் ஊர் ஆட்டக்காரர்கள்தாம் 1768இல் தமக்கென ஒரு கோல்ஃப் மனை கட்டிக்கொண்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்று உலகம் முழுவதும் படங்களில் காணும் கல் கட்டடம் 1854இல்தான் எழுந்தது. அங்கே ஆட்டக்களம் பதினெட்டுக் குழியாக 1764இலேயே அமைந்துவிட்டது. அதாவது இந்த வகைக் கட்டடத்தின் மூதாதை மதுக்கடைதான், அரண்மனை அன்று. எந்தக் கோல்ஃப் கிளப்பிலும் மதுக்கூடம் நடுவிடத்தைப் பிடித்திருப்பதன் காரணம் இது.

இந்தியாவுக்கு வந்தபோது அந்தக் கல்மனை பங்களாவாக மாறியது. மூடிய கல்சுவருக்குப் பதில் ஆட்டக்களத்தை நோக்கிய அகன்ற தாழ்வாரம் வந்தது. கடைசிக் குழிக்குப் பந்து வந்து சேர்வதை நாற்காலியில் சாய்ந்தபடி பார்ப்பதற்காகவே அது அந்தத் திசையில் இருக்கும். ஆகவே வாசலுக்குள் நுழைந்ததும், எந்தப் பக்கம் தெருவை நோக்கியது, எந்தப் பக்கம் களத்தை நோக்கியது என்று முதலில் தீர்மானியுங்கள். தாழ்வாரத்தின் சிறப்பான பக்கம் களத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தக் கட்டடம் முதலில் ஒருவரின் வீடாக இருந்து பின்னர் கிளப்பாக மாறியிருக்கக்கூடும். அல்லது களத்தின் குழி வரிசையைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம். களம் பிறருடைய நிலத்துக்குள் இருப்பதும் உண்டு: மெட்ராஸ் ஜிம்கானாவின் கோல்ஃப் களம் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலுக்குள் அமைந்தது, ஆகவே அங்கே கட்டடத்தின் இடத்தைத் தீர்மானித்தது பந்துமட்டும் அன்று, குதிரையும்தான்.

அடுத்து, மனிதர்கள் நடந்த வழிகளைத் தரைப்படத்தில் வண்ணப் பென்சிலால் வரையுங்கள். உறுப்பினர் வழிக்கு ஒரு நிறம், பெண்கள் வழிக்கு ஒரு நிறம், பணியாளர் வழிக்கு ஒரு நிறம், பை சுமக்கும் கேடிகளுக்கு ஒரு நிறம். நம் வீடுகளில் திண்ணை வரை யார், கூடம் வரை யார், கொல்லைப்புறம் வழியாக யார் என்று ஒரு காலத்தில் இருந்த வரையறையை அறிந்தவர்களுக்கு இந்தப் படம் உடனே பேசத் தொடங்கிவிடும். சமையலறை பிரதான கட்டடத்திலிருந்து பிரிந்து நின்று மூடிய நடைபாதையால் இணைந்திருக்கும். புகைக்கும் நெருப்புக்கும் அஞ்சியதாகச் சொல்வார்கள், சமைப்பவர் கண்ணில் படாமல் இருப்பதும் அதில் அடங்கும். கேடிகளின் கொட்டகை பெரும்பாலும் பழைய வரைபடத்தில் இடம்பெற்றிருக்காது. அதைத் தவறாமல் அளந்து சேருங்கள். மதுக்கூடத்தையும் பில்லியர்ட்ஸ் அறையையும் ஒட்டாமல் தனி வாசலோடு பக்கத்தில் முளைத்த சிறிய அறை பெரும்பாலும் பெண்களுக்காகப் பின்னர் சேர்த்தது. அதன் கூரையையும் சுவர்க் கனத்தையும் முன்சொன்ன முறையில் பார்த்தால் எப்போது சேர்த்தார்கள் என்பதும் தெரியும்.

இந்தியர் எப்போது உறுப்பினராக நுழைந்தார்கள் என்பது எல்லாக் கிளப்புகளும் மெல்லிய குரலில் பேசும் செய்தி. ஐரோப்பியக் கிளப்புகளின் கதவு மூடியிருந்ததால்தான் சென்னையில் 1873இல் காஸ்மாபாலிட்டன் கிளப் பிறந்தது. உங்கள் கிளப்பில் இதைக் காட்டும் சான்று கூடத்துச் சுவரிலேயே தொங்கும்: தலைவர்கள், கோப்பை வென்றவர்கள் பெயர்களைத் தங்க எழுத்தில் பொறித்த மரப்பலகைகள். அந்த வரிசையில் முதல் இந்தியப் பெயர் எந்த ஆண்டில் வருகிறது என்று பாருங்கள். எழுத்தின் கையையும் கவனியுங்கள். முதல் முப்பது ஆண்டுப் பெயர்கள் எல்லாம் ஒரே கையில் ஒரே பொன்மையில் இருந்தால், அந்தப் பலகையே பின்னர் ஒரே நாளில் எழுதப்பட்டது, ஆகவே அதன் தொடக்க ஆண்டுகளை வேறு சான்றில்லாமல் ஏற்க வேண்டாம். வெள்ளிக் கோப்பைகள் இதைவிட நம்பத்தக்கவை: இங்கிலாந்தில் செய்த வெள்ளியின் அடியில், தரமுத்திரையோடு ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தும் பதிந்திருக்கும்.

கடலூரில் ஒரு நாள்

புதுச்சேரியில் பிரெஞ்சு முறையைப் பழகியபின், ஆங்கில முறையைப் பார்க்கத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கடலூர். நிலம், கட்டடம், அமைப்பு மூன்றையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சிக்கு அந்த ஊர் மிகப் பொருத்தம். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் ஆங்கிலக் கம்பெனி மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரையுள்ள நிலமும் சேர்ந்து விலையாயிற்று. அந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் வந்தது. செயின்ட் டேவிட் என்று பெயர் பெற்ற அந்தக் கோட்டை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையிடம் விழுந்து இடிக்கப்பட்டது. கோட்டை போயிற்று, ஆனால் அது வளைத்த நிலத்தின் தடம் ஊரின் அமைப்பில் இருக்கிறது. மஞ்சக்குப்பத்தின் பெரிய திடலையும் அதைச் சுற்றிய அரசு மாளிகைகளையும் பார்க்கும்போது, ஒரு திடல் முதலில் அமைந்து கட்டடங்கள் பின்னர் அதன் ஓரத்தில் வந்து உட்காரும் முறை விளங்கும். மலைப்பக்கக் கோல்ஃப் கிளப்புகளிலும் இதே வரிசைதான் பெரும்பாலும் நடந்தது.

பிரெஞ்சு வீடு தெருவோடு ஒட்டி உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும் போட்டு, தோட்டத்தை உள்ளே ஒளித்துவைக்கும். ஆங்கிலேயரின் தோட்ட வீடு நிலத்தின் நடுவில் போய் நின்றுகொண்டு, தோட்டத்தை நாற்புறமும் விரித்துக் காட்டும். கோல்ஃப் கிளப்பின் பங்களா இந்த இரண்டாம் மரபின் பிள்ளை. காலையில் புதுச்சேரியின் துமா தெருவையும் மாலையில் மஞ்சக்குப்பத்தையும் ஒரே நாளில் நடந்து பார்த்தவர் இதை மறக்கமாட்டார்.

தாள்களும் நினைவுகளும்

கட்டடத்தை இவ்வளவு பார்த்தபிறகுதான் காகிதத்துக்குப் போக வேண்டும். முதலிலேயே காகிதத்தைப் பார்த்தால், அதில் சொன்னதை மட்டுமே சுவரில் தேடுவோம். கிளப்பின் கூட்டக் குறிப்பேட்டைவிடக் கணக்கேட்டைக் கேட்டு வாங்குங்கள். குறிப்பேட்டில் தீர்மானம்தான் இருக்கும், தீர்மானித்ததெல்லாம் நடந்துவிடுவதில்லை. கணக்கேட்டில் சுண்ணாம்பு, தேக்கு, ஓடு, கூலி என்று செலவு விழுந்திருந்தால் அது நடந்தது.

ஆங்கில ஆட்சிப் பகுதிக் கட்டடங்களுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி போன்ற மாவட்டத் தொகுதிகளும் கைகொடுக்கும். புதுச்சேரிக் கட்டடங்களுக்கு வழி வேறு. இங்கே சொத்து கைமாறியது நொத்தேர் எனப்படும் பத்திரப் பதிவாளர் முன்னிலையில் பிரெஞ்சில் எழுதிய பத்திரத்தால். அவற்றில் நான்கெல்லையோடு வீட்டின் அறைகளும் கூரை வகையும்கூடச் சில சமயம் விவரிக்கப்பட்டிருக்கும். லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிப் பிரிவு, 1827இல் தொடங்கிய ரோமன் ரோலான் நூலகம், 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நிழற்படத் தொகுப்பு ஆகியவை உள்ளூரிலேயே இருப்பவை. நகரின் பழைய வரைபடங்கள் பல பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த நாடுகளின் காப்பகத்தில் உள்ளன. தமிழ்ப் பகுதி வீடுகளைப் பழுதுபார்த்த அனுபவத்துக்கு பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளையை அணுகலாம். வைசியாள் வீதியின் தாழ்வாரங்களும் திண்ணைகளும் மீண்டு எழுந்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

நினைவுகளைக் கேட்கும்போது தலைவரையும் செயலரையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மதுக்கூடத்து மூத்த பணியாளர், பில்லியர்ட்ஸ் ஆட்டத்தில் புள்ளி குறிக்கும் மார்க்கர், புல்வெட்டும் மாலி, கேடியாக வந்து கிழவராகிவிட்டவர் ஆகியோரே கட்டடத்தின் உண்மையான குடியிருப்பாளர்கள். 'எப்போது கட்டினார்கள்?' என்று கேட்டால் எவருக்கும் தெரியாது. 'ஐயா, நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தச் சுவர் இருந்ததா? அப்போது உங்கள் மூத்த பிள்ளை பிறந்தாயிற்றா?' என்று கேட்டால், ஐந்தாண்டுப் பிழைக்குள் விடை வந்துவிடும்.

எழுதும்போது

உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் வெவ்வேறு வாக்கியங்களில் எழுதுங்கள். 'காலனியக் கட்டடக்கலை' என்ற ஒற்றைத் தொடரைத் தவிருங்கள்; அது எதையும் சொல்வதில்லை. 'கிழக்கு நோக்கிய பத்தடித் தாழ்வாரம், எட்டு வட்டத்தூண், தேக்கு விட்டத்தின்மேல் மெட்ராஸ் டெரஸ், பின்னர் சேர்த்த வடக்கறை' என்று எழுதினால், படிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நடந்துவர முடியும். உறுப்புகளுக்குக் கொத்தனாரும் தச்சரும் வழங்கும் சொல்லையே எழுதுங்கள். நிலை, உத்தரம், கைப்பிடிச்சுவர், கைமரம் என்ற சொற்கள் இருக்கும்போது புதுச்சொல் படைக்க வேண்டிய தேவை இல்லை.

தரைப்படத்தின் மூலையில் வடதிசைக் குறி, அளவுகோல், அளந்த நாள், அளந்தவர் பெயர் நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும். அதன் ஒரு படியைக் கிளப் அலுவலகத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு படியை ஊர் நூலகத்தில் சேருங்கள். இரண்டும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டாம். அந்த அலமாரிக்கு மேலேயும் ஒரு பழைய கூரை இருக்கும்.